கணினியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்: பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

ஆரணிக்குப் பக்கத்தில், பட்டு நெசவு செய்யும் ஒரு தெருவில் பிறந்தவள் நான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அலுவலக மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவள், ஒன்றரை ஆண்டு எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வேலை செய்தேன். அந்தப் படியில்தான் சிக்னல் கிடைத்தது. அதே படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு பிள்ளைகள் நிரல் எழுத, அதாவது கணினிக்குக் கட்டளை எழுத, கற்றுக்கொண்டார்கள். அவர்களை முன்னிட்டு உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினியை இரவல் கொடுங்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்துக்கு, வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு அந்த நாட்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணங்கள் நின்றுபோயின, சேலைக்கு ஆர்டர் இல்லை, பாவு வாங்க ஆளில்லை. விடிந்தது முதல் தறிச்சத்தம் ஓயாத தெருவில் காக்கை கத்துவது கேட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பல வீடுகளுக்கு அது ஒன்றுதான் பள்ளிக்கூடமாக இருந்தது. ஆனால் அது சொல்லும், பிள்ளை கேட்கும், அவ்வளவுதான். மீதிப் பகல் முழுவதும் நீண்டு கிடந்தது.

நான் விடாமல் தட்டச்சு செய்வதைப் பார்த்துத்தான் முதலில் ஒரு பையன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு, தறிக்காரர் மகன். "அக்கா, யாருக்கு இவ்வளவு எழுதுகிறீர்கள்?" என்றான். கணினிக்கு என்றேன். "அது படித்துவிட்டு என்ன செய்யும்?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒன்றரை ஆண்டு பிடித்தது.

அலுவலகக் கணினியைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. மே மாதம் சித்தி வீட்டுப் பரணிலிருந்து ஒரு மடிக்கணினி இறங்கியது. 2014இல் சித்தி மகன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. மஞ்சள் பைக்குள் வைத்து, எறும்பு மருந்து தூவிக் கட்டியிருந்தார்கள். பேட்டரி செத்திருந்தது, மின்சாரம் இருந்தால் ஓடும், போனால் அந்த நொடியே அணையும். விண்டோஸ் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் அதே இயந்திரத்தில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தீர்கள். அதன் வழியாகத் திறந்தால் பைத்தான் என்ற நிரல்மொழி உள்ளே தயாராக இருந்தது. இணையம் வேண்டியதில்லை, காசு வேண்டியதில்லை.

2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. சினிமா பார்க்கத்தான் ஆகிறது, விற்றுத் தின்கிறார்கள் என்று அதைப் பழித்தவர்கள் நிறைய. எங்கள் தெருவில் அது ஆறு ஆண்டு பரணில் தூங்கிவிட்டு, வாங்கியவனுக்கு ஆகாமல், அவன் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகி வந்தது. நல்ல விதை, தாமதமாக முளைத்தாலும் முளைத்தது.

ஆளுக்கு அரை மணி நேரம் முறை வைத்தோம். முறை வராதவர்கள் ரஃப் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். எப்போது மின்சாரம் போகும் என்று தெரியாததால், மூன்று வரிக்கு ஒருமுறை சேமிக்கும் பழக்கம் யாரும் சொல்லாமலே வந்துவிட்டது. சாயங்காலம் அப்பாவோடு போன் வீட்டுக்கு வரும். அதில் பைத்தான் செயலியை ஏற்றிக்கொண்டு இரவில் கொஞ்சம். போன் திரையில் நிரல் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி. அடைப்புக்குறிக்கு ஒரு பக்கம் போக வேண்டும், முக்காற்புள்ளிக்கு இன்னொரு பக்கம். வரியின் தொடக்கத்தில் விட வேண்டிய இடைவெளி ஒன்று குறைந்தாலும் பைத்தான் ஏற்காது.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். பொதுத்தேர்வுத் தேதி மாறி மாறி, கடைசியில் ஜூனில் ரத்தானதே, அந்த வகுப்பு. அவள் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில் 30,000 ரூபாய் பாக்கி இருந்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணையை ஒத்திவைக்கலாம் என்று அறிவித்தது. மே மாதம் அதை ஆகஸ்ட் வரை நீட்டித்தது. தவணை கட்ட வேண்டாம் என்று தெருவெல்லாம் பேச்சு. ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பலருக்குத் தெரியவில்லை. "கட்டாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து எவ்வளவு ஆகும் என்று கணக்கு எழுதிப் பார்க்கிறேன் அக்கா" என்றாள்.

முதல் நாள் மடிக்கணினியில் எழுதி ஓட்டினாள். 30,000 என்று வந்தது. ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அவள் அம்மாவுக்குச் சந்தோஷம். மகளுக்குச் சந்தேகம். இரவு அதே நிரலைப் போனில் எழுதி ஓட்டினால் 33,122 வந்தது. ஒரே நிரல், இரண்டு விடை. மறுநாள் நோட்டில் கையால் மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தாள். 33,784 வந்தது. இப்போது மூன்று விடை.

நான் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு நான்கு நாள் அதையே சுற்றி வந்தாள். வட்டி என்று ஒரு பெயர் வைத்து அதில் 2/100 என்று போட்டிருந்தாள். பழைய மடிக்கணினியில் இருந்தது பைத்தான் 2. அதில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தைத் தூக்கி எறிந்துவிடும். 2/100 வெறும் பூஜ்யம். வட்டியே பூஜ்யம் என்றால் கடன் எப்படி ஏறும்? போனில் இருந்தது பைத்தான் 3, அது 0.02 என்று சரியாக எடுத்துக்கொண்டது. பைத்தான் 2க்கான ஆதரவு அந்த 2020 ஜனவரி முதல் தேதியோடு முடிந்துவிட்டிருந்தது, பரணில் கிடந்த இயந்திரத்துக்கு அது தெரியாது. அப்படியானால் போன் விடையும் நோட்டு விடையும் ஏன் 662 ரூபாய் வித்தியாசப்படுகின்றன? ஒவ்வொரு மாதத்தையும் அச்சிட வைத்துப் பார்த்தாள். ஐந்து வரிதான் வந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை என்று அவள் நினைத்து எழுதியதை, பைத்தான் ஆறுக்கு முன்னால் நின்றுகொள் என்று படித்திருந்தது. ஏழு என்று மாற்றினாள். நோட்டும் போனும் ஒன்றாயின.

அன்று மதியம் படியேறி ஓடிவந்தவளின் முகத்தை நான் மறக்க மாட்டேன். பின்பு அம்மாவிடம் போய், மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கூடுதலாகும், முடிந்த மாதம் கட்டிவிடலாம் என்று விளக்கிச் சொன்னாள். அம்மா மறுவாரக் குழுக் கூட்டத்தில் மற்றப் பெண்களுக்குச் சொன்னார்.

அந்த நான்கு நாட்களைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் இது நடந்திருக்காது. மணி அடித்திருக்கும், கணினியை அணைக்கச் சொல்லியிருப்பார்கள், அடுத்த வாரம் இன்னொரு பாடம். நிரல் எழுதுவது பெரும்பாலும் தவற்றோடு கூடவே குடியிருப்பதுதான். அதற்கு ஓர் இயந்திரமும், அவசரப்படுத்தாத நேரமும், உடைத்தால் திட்டு விழாத சூழலும் வேண்டும். பெருந்தொற்று எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. இந்தத் தெருவிலேயே இரண்டு பேரை இழந்தோம். ஆனால் அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்கு அதுதான் கொடுத்தது. எந்த வீட்டில் இயந்திரம் இருந்ததோ அந்த வீட்டுப் பிள்ளை அதைப் பயன்படுத்திக்கொண்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை சும்மா இருந்தது. 2017-18இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த 75ஆவது சுற்றுக் கணக்கில், இந்தியக் கிராமங்களில் கணினி இருந்த வீடுகள் 4.4 சதவீதம், நகரங்களில் 23.4 சதவீதம். ஊரடங்கு வந்தபோது கிட்டத்தட்ட இந்த நிலையில்தான் நாடு இருந்தது.

தறிக்காரர் மகனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவன் வீட்டில் ஸ்மார்ட்போனும் இல்லை. அவன் அப்பா சேலை டிசைன் போடும் கிராஃப் தாளின் பின்பக்கத்தில் நிரல் எழுதிக்கொண்டு வருவான். திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யவைக்கும் கட்டளையை மற்றவர்களுக்கு மூன்று நாள் விளக்கினேன். அவன் ஒரு முறை கேட்டுவிட்டு, "ஜக்கார்டு அட்டை சுற்றி மறுபடி முதலுக்கு வருகிறதே, அதுதானே அக்கா" என்றான். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகளை நூலால் வரிசையாகக் கோத்து, மாலைபோல் முனையோடு முனை சேர்த்து அதில் மாட்டியிருப்பார்கள். ஒரு மிதிக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் அந்த இழை மேலே போகும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை வரும், கரையில் மறுபடி அதே மாங்காய் விழும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் என்பவர் அமைத்த இந்த முறையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், கணினியின் முன்னோடியான தன் பகுப்பு எந்திரத்துக்குத் துளையட்டைகளை வைத்துக் கட்டளை கொடுக்கத் திட்டமிட்டார். அந்த எந்திரத்தைப் பற்றி 1843இல் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதோடுதான் அதை ஒப்பிட்டார். கணினியின் பூர்வீக வீடுகளில் ஒன்று தறி. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணினி எட்டாக் கனியாக இருக்கலாமா?

அவன் விண்மீன் குறிகளை வைத்துத் திரையில் புட்டா, அதாவது சேலையில் விழும் சிறு பூவேலை, வரைந்தான். இத்தனை இழைக்கு ஒரு புட்டா என்று சொன்னால் முந்தி முழுவதும் பரப்பிக் காட்டும்படி எழுதினான். அவன் அப்பா படிக்கட்டில் நின்றபடியே பார்த்துவிட்டு, "கரைப் பக்கம் ஓர் இழை தள்ளியிருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரி. அவனுடைய நிரலில் ஒன்று குறைந்திருந்தது.

பள்ளி திறந்தபோது அவன் பத்தாம் வகுப்பு. ஹைடெக் ஆய்வகத்தில் கணினிகள் இருக்கின்றன, இனி உங்கள் மடிக்கணினிக்குச் சண்டை போட வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனான். ஆய்வகம் பூட்டியிருந்தது. கணினிகளுக்கு உறை போட்டிருந்தது. இணையவழித் தேர்வு இருக்கும் நாளில் திறப்பார்கள், அன்றைக்கும் தேர்வைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்றார்கள். அவன் போய்க் கேட்ட ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு சுட்டி காணாமல் போனாலும் இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பையன் இரண்டு முறை கேட்டான், மூன்றாம் முறை கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இப்போது பெங்களூரில் ஒரு பொருள் கிடங்கில் வேலை செய்கிறான். ஆய்வகம் திறந்திருந்தால் படித்திருப்பான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அவன் தட்டியபோது அந்தக் கதவு பூட்டியிருந்தது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் ஆய்வகம் கொடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தானைத் தமிழிலேயே வைத்திருக்கிறீர்கள். இவை சாதாரணக் காரியங்கள் அல்ல. ஆனால் அந்தப் பாடப்பிரிவை எடுக்காத பிள்ளைக்கு அந்தப் புத்தகம் கைக்கு வராது. ஆறிலிருந்து பத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆய்வகத்தின் சாவி வராது. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி அறிவித்தது. மகிழ்ச்சி. கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது பெரிய உதவி. வழியிலேயே நின்றுபோன பிள்ளையை நினைத்துத்தான் நான் எழுதுகிறேன்.

இதற்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை வடிவமைத்த வண்டி, நூலகவியல் அறிஞரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் தொடங்கிவைத்தார். புத்தகத்தைத் தேடி வர முடியாத கிராமத்து மக்களிடம் வண்டியே புத்தகத்தைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ரங்கநாதன் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். காணாமல் போய்விடும் என்ற அச்சம்தான். அந்தச் சங்கிலியை அறுத்துத்தான் இன்றைய நூலகம் வந்தது. காணாமல் போன புத்தகங்களுக்கு அஞ்சி யாரும் நூலகத்தை மூடவில்லை.

கணினி புத்தகம்போல் மலிவா என்று நீங்கள் கேட்பது நியாயம். புதிது வாங்கச் சொல்லவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை அலுவலகங்கள் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அரசு அலுவலகங்களிலும் அப்படிப்பட்டவை இருக்கும். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி, லினக்ஸ் ஏற்றினால் ஒரு பிள்ளை நிரல் எழுதக் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். மின்கழிவாக ஏலம் போவதற்கு முன்னால் அவற்றை மாவட்டத்துக்கு ஓரிடத்தில் திரட்டி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களைக் கொண்டே சீராக்கலாம். அவர்களுக்கும் அது பயிற்சி.

பணத்தைவிடப் பெரிய தடை பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்ற கேள்வி. தலைமை ஆசிரியருக்கு அந்தப் பயம் இருக்கும்வரை எந்த இயந்திரமும் உறையைவிட்டு வெளியே வராது. இரவல் கொடுத்த கணினி பழுதானால் ஆசிரியரோ பெற்றோரோ ஈடுகட்ட வேண்டியதில்லை, நூற்றில் இத்தனை இழப்பு இயல்பு என்று துறை ஏற்கும் என்று எழுத்தில் ஓர் ஆணை போடுங்கள். அந்த ஒரு தாள் செய்யும் வேலையை ஆயிரம் புதுக் கணினிகள் செய்யாது.

வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற கேள்வியும் வரும். 2021இல் இல்லம் தேடிக் கல்விக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது நீங்கள்தானே. எங்கள் ஊர்ப்பக்கம் என்னைப்போல மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கூப்பிட்டால் சனி, ஞாயிறு வருவார்கள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் (VGLUG) கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் லினக்ஸ், பைத்தான் எல்லாவற்றையும் தமிழில் எழுதி இலவசமாகத் தருகிறது. 'பதிப்பி' என்று தமிழில் எழுதினாலே திரையில் அச்சாகும்படி முத்து அண்ணாமலை எழில் என்ற நிரல்மொழியையே உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலப் பிழைச்செய்தியைப் பார்த்ததும் மிரண்டு கணினியை மூடிவிடும் சிறு பிள்ளைக்கு அது நல்ல முதல் படி. இவர்கள் எல்லோரிடமும் பாடம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. பிள்ளையின் கையில் இயந்திரம்தான் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2020இல், நிரல் எழுதும் சிறுவன் நாளைக்கே கோடீஸ்வரன் ஆவான் என்று தொலைக்காட்சியில் விளம்பரங்கள் வந்தன. விளம்பரத் தர அமைப்பு தலையிட்டுச் சிலவற்றைத் திரும்பப் பெறவைக்கும் அளவுக்குப் போனது. எங்கள் தெருவிலும் ஒரு பெற்றோர் அந்த மாதிரி வகுப்புக்குக் கடன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நான் கேட்பது அந்தக் கனவை அல்ல. அம்மாவின் கடன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் தெம்பு, அவ்வளவே. அதிலிருந்து வேலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அந்தத் தெம்பு அவளோடு இருக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏதாவது பத்துப் பள்ளிகளில் ஓராண்டு செய்து பாருங்கள். பள்ளிக்கு இருபது கணினி. எத்தனை போனது, எத்தனை திரும்பியது, எத்தனை உடைந்தது என்று கணக்கு வையுங்கள்.

எங்கள் தெருவில் மூன்று பரண்களிலிருந்து மூன்று பழைய மடிக்கணினிகளைச் சேர்த்திருக்கிறேன். இரண்டுக்கு எஸ்எஸ்டி மாற்றியாகிவிட்டது, மூன்றாவதற்கு விசைப்பலகை வர வேண்டும். லினக்ஸும் பைத்தான் 3உம் ஏற்றியிருக்கிறேன். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரவல் கொடுக்க அனுமதி கொடுங்கள். தறிக்காரரின் இளைய மகன் இப்போது ஏழாம் வகுப்பு. முதல் கையெழுத்தைப் போட அவன் தயாராக இருக்கிறான்.

இப்படிக்கு,
ஆரணி நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்